பாதியில் நின்ற கை

மார்பில் அறுவை சிகிச்சை முடிந்த பெண்களுக்குக் கதிர்வீச்சு கொடுக்க வேண்டுமென்றால், அவர்கள் மல்லாந்து படுத்து, அந்தப் பக்கத்துக் கையைத் தலைக்கு மேலே கொண்டுபோய், ஒரு கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு அசையாமல் இருக்க வேண்டும். கை மேலே போகாவிட்டால் மெஷினில் வைக்க மாட்டார்கள். அக்குளில் நெறிக்கட்டிகளை எடுத்தவர்களுக்கு அந்தக் கை சுலபத்தில் மேலே போகாது. தையல் ஆறும்போது தோல் இழுத்துக்கொள்ளும். வலிக்குப் பயந்து கையை உடம்போடு ஒட்டியே வைத்திருப்பார்கள். தோள் இறுகிவிடும்.

அந்தக் கையை மேலே கொண்டுவரப் பழக்குவது என் வேலையில் ஒரு பாதி. மூச்சு, தூக்கம், வாந்தி வருகிற நாட்களை எப்படியாவது தாண்டுவது எல்லாம் மறு பாதி. கோயம்புத்தூரில் ஒரு மருத்துவமனையில், பிசியோதெரபி அறையை ஒட்டிய கூடத்தில் யோகா சொல்லிக்கொடுக்கிறேன். சேர்ந்த அன்றே பெரிய டாக்டர் கூப்பிட்டுச் சொன்னார்: "யோகா பண்ணுனா கேன்சர் போயிரும்னு யாருகிட்டயாவது சொன்னேன்னு காதுல உழுந்துச்சு, அன்னைக்கே பையத் தூக்கிட்டுக் கெளம்பிரலாம் தம்பி. மருந்தத் தாங்கறதுக்குத் தெம்பு. அவ்வளவுதான்." இன்றுவரை அந்த வார்த்தையைத்தான் ஒவ்வொரு புது ஆளுக்கும் நானும் சொல்கிறேன்.

எங்கள் வீட்டில் பள்ளிக்கூட வாசலை மிதித்த முதல் ஆள் நான். அம்மாவுக்குக் கைநாட்டுத்தான். நான் என்ன வேலை பார்க்கிறேன் என்று அவளுக்கு விளக்க முயன்றது நினைவிருக்கிறது.

"அங்க என்ன கண்ணு சொல்லித்தர்றே?"

"மூச்சு விடறதும்மா. அப்புறம் கையத் தூக்கறது."

"கையத் தூக்கறதுக்கு ஒரு படிப்பா!" என்று வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு சிரித்தாள். "நானெல்லாம் படிக்காமலே தூக்கீட்டிருக்கறன் பாரு."

எங்கள் ஊர் அம்மா ஒருவர் கூடத்துக்குள் வந்த காலையில் நான் நாற்காலியில் உட்கார்ந்து மூச்சுப் பயிற்சி நடத்திக்கொண்டிருந்தேன். எதிரே ஏழெட்டுப் பெண்கள், அவர்களும் நாற்காலியில், கண்மூடி. கதவருகே ஒரு பெண் தன் அம்மாவைக் கைத்தாங்கலாக அழைத்து வந்து நின்றாள். அம்மாவின் வலது முழங்கை விலாவோடு ஒட்டியிருந்தது. தலையில் பருத்தித் துணி, புருவம் கொட்டிப்போன முகம். எனக்கு ஒரு கணம் அடையாளம் தெரியவில்லை. அவருக்குத் தெரிந்துவிட்டது. அவர் பார்த்த விதத்தில்தான் எனக்குத் தெரிந்தது.

எழுந்து நின்றேன். எழுந்ததோடு விட்டிருக்கலாம். நாற்காலியை விட்டு ஓரமாக ஒதுங்கி, இரண்டு கைகளையும் முன்னால் கட்டிக்கொண்டு நின்றேன். புதிதாக வந்த நோயாளிக்கு யோகா சார் காட்டுகிற மரியாதை என்று மற்றவர்கள் நினைத்திருப்பார்கள்.

தொண்டாமுத்தூருக்கு மேற்கே, மலையடிவாரத்தில் அந்த அம்மா குடும்பத்தின் தென்னந்தோப்பு இருக்கிறது. அப்பா சாகும்வரை அங்கேதான் தேங்காய் உரித்தார். அம்மா இன்றைக்கும் அங்கேதான் களை வெட்டுகிறாள், விழுந்த காயைப் பொறுக்குகிறாள். தோட்டத்துக்காரரை நாங்கள் பண்ணாடி என்போம், அவர் மனைவியான இந்த அம்மாவைப் பண்ணாடிச்சி. பண்ணாடி எதிரே வந்தால் அப்பா தோளில் கிடக்கும் துண்டை எடுத்து அக்குளில் இடுக்கிக்கொள்வார். பேசி முடிக்கும்வரை துண்டு விழுந்துவிடாமல் அந்தக் கை உடம்போடு ஒட்டியிருக்கும். அதை நான் சிறுவயதிலிருந்து பார்த்திருக்கிறேன். படித்து முடித்தால் அதெல்லாம் என் உடம்பில் இருக்காது என்று நம்பியிருந்தேன்.

"சார், அம்மாவுக்கு ஆப்பரேசன் முடிஞ்சு ஒரு மாசம் ஆச்சுங்க. கை தூக்க வரமாட்டேங்குது. கதிர்வீச்சுக்கு முன்னாடி சரி பண்ணோணும்னு டாக்டர் சொன்னாருங்க" என்றாள் மகள். கல்யாணமாகி வடவள்ளியில் இருப்பவள். அவளுக்கு என்னைத் தெரியாது. பிறகு அம்மாவிடம் திரும்பி, "சார் சொல்றதக் கேட்டுச் செய்யும்மா" என்றாள்.

பண்ணாடிச்சி கீழே பார்த்துக்கொண்டு தலையாட்டினார். அந்தச் 'சார்' எங்கள் இருவர் மேலும் விழுந்து கிடந்தது.

அன்று சாயங்காலம் வீட்டில் சோறு போட்டுக்கொண்டே அம்மா சொன்னாள்: "பண்ணாடிச்சி மகளூட்டுக்குப் போயிருக்காங்களாம். தோட்டமே வெறிச்சுன்னு கெடக்குது. அவங்க இருந்தா ஒரு வார்த்தை கேப்பாங்க, உம் பையன் என்ன பண்றான்னு."

நான் தட்டைப் பார்த்துக்கொண்டு சாப்பிட்டேன். நோயாளியின் விவரத்தை வெளியே பேசக் கூடாது என்பது வேலையின் சட்டம். ஆனால் அன்று என் வாயை அடைத்தது சட்டம் மட்டும்தானா என்று எனக்கு நிச்சயமில்லை.

மறுநாள் வகுப்பு முடிந்ததும் நடைவழியில் அவர் தனியாக நின்றிருந்தார். மகள் மருந்து வாங்கப் போயிருந்தாள்.

"உங்கம்மாளுக்குத் தெரியுமா?"

"தெரியாதுங்க."

"சொல்லிப்போடாதே கண்ணு. ஊருல ஆருக்கும் தெரியாது. பேத்திக்கு மாப்பிள்ளை பாத்துட்டிருக்கறோம். பாட்டிக்கு இந்த நோவுன்னு தெரிஞ்சா ஒருத்தனும் வாசப்படி மிதிக்க மாட்டான்."

"சரிங்க பண்ணாடிச்சி."

சொன்ன பிறகுதான் சுற்றிலும் பார்த்தேன். யாருக்காவது கேட்டிருக்குமோ என்று. அந்த ஆஸ்பத்திரியில் நான் 'தொண்டாமுத்தூர்ப் பக்கம்' மட்டும்தான். யார் வீட்டுப் பிள்ளை, யார் தோட்டத்துப் பிள்ளை என்று யாரும் கேட்டதில்லை, நானும் சொன்னதில்லை. அவருடைய ரகசியம் என்னிடம், என்னுடையது அவரிடம். இரண்டையும் ஒரே தட்டில் வைத்துப் பார்த்தேன் என்பதே இப்போது கூசுகிறது. அவருக்கு வந்திருந்தது உயிர் போகிற நோய்.

வகுப்பில் சிரிப்புக்குக் குறைவிருக்காது. கோட்டைமேட்டில் பாத்திரக்கடை வைத்திருக்கும் குடும்பத்து அம்மா ஒருவர் அதற்குப் பொறுப்பு. "உங்களுக்கெல்லாம் மொட்டைய மறைக்க புதுசாத் துணி வாங்கோணும். எனக்குப் பாருங்க, கல்யாணத்துலருந்தே முக்காடு. ஒரு செலவில்ல" என்பார். படுத்தபடி செய்யும் கடைசிப் பயிற்சியை நான் சவாசனம் என்று சொன்ன முதல் நாளே நிறுத்திவிட்டார். "ஏனுங்க தம்பி, இந்த எடத்துல வந்து சவம் கிவம்னு. வேற பேரு இல்லீங்களா?" அதிலிருந்து அதற்கு 'ஓய்வு' என்று பெயர். தலையை வடக்கே வைக்க மற்றவர்கள் சம்மதிக்கவில்லை. பாய்களைக் கிழக்கு மேற்காகத் திருப்பிப் போட்டேன்.

பண்ணாடிச்சி பாயில் படுக்கவே இல்லை. "நான் உக்காந்துட்டே இருந்துக்கறேன்" என்றார், என்னைப் பார்க்காமல். என் முன்னால் காலை நீட்டிப் படுக்க அவரால் முடியவில்லை. அவர் படுத்தால் எங்கே பார்ப்பதென்று எனக்கும் தெரியாது. "பரவாயில்லீங்க, போதுங்க" என்றேன். மற்றவர்களுக்கு "இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம்" என்று சொல்லும் இடத்திலெல்லாம் அவருக்கு "போதுங்க" என்றேன். அவர் என்னைக் கூப்பிட ஒரு சொல் இல்லாமல் திண்டாடினார். மற்ற பெண்கள் சார் என்றார்கள், தம்பி என்றார்கள். அவர் எதையும் சொல்லாமல், நான் அவர் பக்கம் திரும்பும்வரை காத்திருப்பார்.

வகுப்பு முடிந்தால் டீ வரும், பேப்பர் கப்பில். தோட்டத்து வீட்டிலும் பேப்பர் கப் உண்டு. வீட்டு ஆட்களுக்குச் சில்வர் டம்ளர், வேலைக்கு வருகிற எங்களுக்குப் பேப்பர் கப். அப்பா காலத்தில் கொட்டாங்குச்சி இருந்ததாம். இப்போது அப்படியெல்லாம் யாரும் செய்வதில்லை. பேப்பர் கப்தான் சுத்தம், கழுவுகிற வேலை மிச்சம் என்பார்கள். அம்மாவும் அதையே சொல்வாள். முதல் நாள் டீ வந்தபோது பண்ணாடிச்சி அந்தக் கப்பை வாங்கி ஒரு நிமிடம் கையிலேயே வைத்திருந்தார். நான் வேண்டாமென்று சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் போய் நின்றுகொண்டேன்.

இரண்டு வாரம் கழித்து அவரைக் கதிர்வீச்சுக்கு அளவெடுக்கும் ஸ்கேனுக்கு அழைத்தார்கள். அரை மணி நேரத்தில் திருப்பி அனுப்பிவிட்டார்கள். கை காதளவுகூடப் போகவில்லை. பத்து நாளில் மறுபடி வரச் சொன்னார்கள். அதற்கு மேலே தள்ளிப்போடுவது நல்லதில்லை என்றும் சொல்லியிருந்தார்கள். மகள் நேராகக் கூடத்துக்கு வந்தாள். பின்னாலேயே அவர்.

"சார், அம்மா ஒரு நாள் உடாம வந்தாங்க. அப்புறம் எப்படிங்க மேல வராம இருக்கும்? நீங்க என்னதான் சொல்லித்தர்றீங்க?"

மற்ற பெண்கள் பேச்சை நிறுத்திவிட்டார்கள்.

"அந்தத் தம்பி மேல ஒண்ணும் தப்பில்ல. எனக்குத்தான் வரல" என்றார் பண்ணாடிச்சி.

முதல்முறையாக என்னைத் தம்பி என்றார். அவர் என்னைத் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

மகள் அவரை அழைத்துக்கொண்டு போன பிறகு பாத்திரக்கடை அம்மா முக்காட்டைச் சரிசெய்துகொண்டே சொன்னார்: "ஒண்ணு சொன்னாக் கோவிச்சுக்காதீங்க தம்பி. நாங்க உங்களப் பாத்துத்தானே தூக்கறோம்? நீங்களே பாதியில நிறுத்திக்கறீங்களே."

"இல்லீங்களே, நான் முழுசாத்தானே..."

"அட, அந்தக்கா வர்றதுக்கு முன்னாடி நல்லா டவுன் பஸ்ல கம்பி புடிக்கறாப்புல தூக்கறீங்க. அந்தக்கா வந்து உக்காந்துட்டாப் போதும், பள்ளிக்கோடத்துல பதில் தெரியாத பையன் கையத் தூக்கறாப்புல ஆயிருது. அந்தக்காவக் கண்டா அவ்வளவு பயமா?"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

எல்லோரும் போன பிறகு பிசியோதெரபி அறைக் கண்ணாடி முன்னால் நின்றேன். கண்ணை மூடிக்கொண்டு, எதிரே அவர் உட்கார்ந்திருப்பதாக நினைத்துக்கொண்டு, இரண்டு கைகளையும் தூக்கினேன். மூச்சை இழுத்து நிறுத்திய இடத்தில் கண்ணைத் திறந்தேன். கைகள் தோளுக்குச் சற்று மேலே நின்றிருந்தன. முழங்கைகள் மடிந்து உள்ளே ஒடுங்கியிருந்தன. முழுதாகத் தூக்கிவிட்டதாகத்தான் உடம்பு நினைத்திருந்தது. நான் எதையும் இடுக்கிக்கொண்டிருக்கவில்லை. ஆனாலும் கண்ணாடியில் நின்றது அப்பாதான்.

பண்ணாடிச்சி என்னைப் பார்த்துத்தான் தூக்கியிருக்கிறார். நான் நிறுத்திய இடத்தில் அவரும் நிறுத்தியிருக்கிறார். "போதுங்க" என்று வேறு சொல்லியிருக்கிறேன். என் கூச்சத்துக்கு அவருடைய சிகிச்சை காத்துக்கொண்டிருந்தது. இன்னொன்றும் எழுத வேண்டும். அது பயம் மட்டும்தானா, அந்தக் கை மேலே வராததில் எனக்குள் எங்கேயாவது ஒரு திருப்தி இருந்ததா என்று அன்றிரவு என்னையே கேட்டேன். இல்லை என்றுதான் தோன்றியது. ஆனால் கேட்க வேண்டியிருந்ததே.

மறுநாள் வகுப்புக்குப் பிறகு அவரைத் தனியாக இருக்கச் சொன்னேன். மகளும் கூட இருந்தாள். பிசியோதெரபி மேடம் தழும்பைப் பார்த்து, தாங்கிப் பிடித்துத் தூக்கலாம், இழுக்க மட்டும் கூடாது என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார்.

"பாய்ல படுங்க" என்றேன். மறுபடி சொன்னேன். "படுத்தாத்தான் அங்க மெஷின்ல இருக்கறாப்புல பழகும். படுங்க."

அவர் மகளைப் பார்த்தார். பிறகு இடது கையை ஊன்றி, மெல்ல, சேலையைக் கணுக்கால்வரை இழுத்துவிட்டுக்கொண்டு படுத்தார். நான் பக்கத்தில் மண்டியிட்டேன். அவருடைய முழங்கையை என் கையால் தாங்க வேண்டும். என் வாழ்நாளில் அந்த வீட்டு ஆட்கள் யாரையும் நான் தொட்டதில்லை. ஒரு கைத்துண்டை எடுத்து மடித்து என் உள்ளங்கையில் விரித்துக்கொண்டு, அதன் மேல் அவர் முழங்கையை ஏந்தினேன். வேறு எந்தப் பெண்ணுக்கும் நான் அப்படிச் செய்ததில்லை. யாரும் செய்யச் சொல்லவும் இல்லை.

மூச்சை இழுக்கச் சொன்னேன். கை கொஞ்சம் எழுந்தது. துண்டு நழுவியது. மறுபடி விரித்தேன். மறுபடி நழுவியது. அவருக்கு வலியில் கண்ணோரம் நனைந்துவிட்டது.

"துண்டு எதுக்கு?" என்றார்.

நான் மறுபடி விரிக்கப் போனேன்.

"எடுத்துப்போடு. வழுக்குது."

எடுத்துப் போட்டேன். முழங்கை என் உள்ளங்கையில் வந்து உட்கார்ந்தது. எலும்பும் தோலுமாக, சில்லென்று இருந்தது. மருந்து ஏறி ஏறி நகம் கறுத்திருந்தது. மகள் ஃபோனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு அங்கே எதுவும் நடக்கவில்லை.

"வலிக்குதுங்களா?"

"வலிக்கத்தான் செய்யும். நீ தூக்கு."

"நான் தூக்கக் கூடாதுங்க. நீங்க தூக்கோணும். நான் தாங்கிக்கறேன்."

மூச்சை விடும்போது கொஞ்சம், அடுத்த மூச்சில் இன்னும் கொஞ்சம். "போதுங்க" என்று வாய்வரை வந்ததை விழுங்கினேன். "இன்னும் கொஞ்சம்" என்றேன். அவர் பல்லைக் கடித்துக்கொண்டு, "உங்கொப்பனும் இப்படித்தான், புடிச்சா உடமாட்டான்" என்றார். சட்டென்று நிறுத்திக்கொண்டார். மகள் நிமிர்ந்தாள். "என்னம்மா?" "ஒண்ணுமில்ல. வலியில என்னமோ ஒளர்றேன்."

அப்பாவைப் பற்றி அந்த வீட்டு ஆள் ஒருவர் பேசி அப்போதுதான் கேட்டேன். மகளிடம் அவர் அதை மறைத்ததில் எனக்கு நிம்மதியாக இருந்தது. அந்த நிம்மதியை நினைத்தால் இன்றைக்கும் அப்பாவின் படத்தைப் பார்க்க முடியவில்லை.

தினமும் பழகினோம். வகுப்பில் அவர் எதிரே நான் கையைத் தூக்கும்போது முழங்கை காதை உரசுகிறதா என்று கவனித்துக்கொண்டேன். பாத்திரக்கடை அம்மா, "இப்பத்தான் வாத்தியாருக்கே குணமாயிருக்குது" என்றார். ஒரு காலையில் பண்ணாடிச்சியின் கை தலைக்கு மேலே போய்ப் பாயைத் தொட்டது. மூச்சை எண்ணிக்கொண்டு அப்படியே அசையாமல் கிடந்தார். இரண்டாம் முறை ஸ்கேனில் அளவெடுத்து, தோலில் குறி வைத்து அனுப்பினார்கள். அப்புறம் தினமும் கதிர்வீச்சு. களைப்பாக வருவார், நாற்காலியில் உட்கார்ந்து மூச்சு மட்டும் செய்துவிட்டுப் போவார். முடிந்த அன்று மகள் எல்லோருக்கும் லட்டு கொடுத்தாள். அவர் போகும்போது ஒருமுறை திரும்பிப் பார்த்தார்.

சில மாதம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை, அம்மாவை அழைத்துவர வண்டியில் தோட்டத்துக்குப் போனேன். யானை வந்து இரண்டு தென்னையைச் சாய்த்துவிட்டது என்று ஆட்கள் எல்லோரும் அங்கே கூடியிருந்தார்கள். களத்து ஓரத்தில் அம்மா காப்பி குடித்துக்கொண்டிருந்தாள், பேப்பர் கப்பில். நான் வண்டியை விட்டு இறங்கி அவள் பக்கத்தில் போய் நின்றேன்.

பண்ணாடிச்சி வீட்டுக்குள்ளிருந்து வந்தார். முடி கொஞ்சம் வளர்ந்து, முந்தானையால் மூடியிருந்தார். கையில் ஆவி பறக்க ஒரு சில்வர் டம்ளர். மேல்படியில் நின்றபடி வலது கையை நீட்டினார். அந்தக் கை தடங்கல் இல்லாமல் நீண்டது.

"இந்தா. குடி" என்றார்.

என்னைப் பார்த்தார். அம்மாவையும் பார்த்தார். அம்மா என்னைப் பார்த்தாள். அங்கே நின்ற ஆட்களெல்லாம் கையில் பேப்பர் கப்போடு பார்த்தார்கள்.

வேண்டாமென்று சொல்லியிருக்கலாம். அம்மாவுக்கும் ஒரு டம்ளர் கொடுங்கள் என்று சொல்லியிருக்கலாம். வகுப்பில் நாள் முழுக்க வாய் ஓயாமல் பேசுகிறவன் நான். டம்ளரை இரண்டு கையாலும் வாங்கினேன்.

"குடி கண்ணு, ஆறிப்போகும்" என்றாள் அம்மா.

குடித்தேன். என் அம்மா பக்கத்தில் பேப்பர் கப்போடு நிற்க, நின்றபடியே முழுவதும் குடித்தேன். குடித்து முடித்ததும் கால்கள் தாமாகக் குழாயடிக்குப் போயின. டம்ளரைக் கழுவி, படியில் கவிழ்த்து வைத்தேன்.

"அத ஏன் கழுவுனே?" என்றார் அவர். குரலில் கோபமா வருத்தமா என்று தெரியவில்லை. நான் தலையை ஆட்டிவிட்டு வண்டியை நோக்கி நடந்தேன்.

வழியெல்லாம் அம்மா பின்னாலிருந்து பேசிக்கொண்டே வந்தாள். "பண்ணாடிச்சி பழனிக்கு முடி குடுத்துட்டு வந்திருக்காங்களாம். முகமே எளைச்சுப்போச்சு பாரு. ஆனா பாத்தியா, எல்லாரு முன்னாலயும் உனக்குச் சில்வர் டம்ளர்ல குடுத்தாங்க. படிப்புக்கு அவ்வளவு மருவாதி. நீயும் கழுவி வெச்சுப்போட்டு வந்தே பாரு, அதுதான் நல்ல புள்ளைக்கு அழகு."

எதற்காகக் கொடுத்தார் என்று அவளிடம் சொல்ல எனக்கு அனுமதி இல்லை. எதற்காகக் கழுவினேன் என்று சொல்ல வார்த்தை இல்லை. வண்டிக் கண்ணாடியில் அவள் முகம் தெரிந்தது. சிரித்துக்கொண்டு வந்தாள். கண்ணாடியைக் கொஞ்சம் வெளிப்பக்கமாகத் திருப்பி வைத்துக்கொண்டேன்.